தோட்டப் பாசன ஸ்மார்ட் வால்வு: அறிகுறியைப் பார்த்துக் கோளாறு நீக்குவதும், பொருந்தும் வகையைத் தேர்ந்தெடுப்பதும்

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஸ்மார்ட் வால்வு சொன்னபடி இயங்கவில்லை என்றால், அதைக் கழற்றிவிட்டு அதே வகையில் இன்னொன்றை வாங்கி மாட்டுவதே பலரும் முதலில் செய்யும் காரியம். அதே கோளாறு மீண்டும் தலைகாட்டுவதற்கும் அதுவே காரணமாகிறது. வால்வு பழுது என்று நாம் முடிவுகட்டும் பல இடங்களில் வால்வு நன்றாகவே இருக்கும். அங்கே கிடைக்கும் நீர் அழுத்தத்துக்கோ, மின்சார ஏற்பாட்டுக்கோ, வைஃபை எட்டும் தூரத்துக்கோ பொருந்தாத வகையாக அது இருக்கும். ஆகவே ஒவ்வொரு அறிகுறியின் கீழும் எதைச் சோதிக்க வேண்டும் என்பதோடு, மாற்றித்தான் தீர வேண்டும் என்றால் எந்த வகையை வாங்குவது என்பதையும் சேர்த்தே சொல்லியிருக்கிறேன்.

தொடங்கும் முன்

வெளித்தோற்றம் எப்படி இருந்தாலும், வீட்டுத் தோட்டத்தில் பயன்படும் ஸ்மார்ட் வால்வுகள் பெரும்பாலும் மூன்று வகைக்குள் அடங்கிவிடும். முதலாவது, 24 வோல்ட் ஏசியில் இயங்கும் சொலினாய்டு வால்வு: காயிலில், அதாவது மின்காந்தமாக வேலை செய்யும் கம்பிச்சுருளில், மின்சாரம் ஓடும்வரை திறந்திருக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும். இரண்டாவது, பேட்டரியில் இயங்கும் லாட்சிங் சொலினாய்டு: ஒரு நொடிக்கும் குறைவான மின்துடிப்பு ஒன்று திறக்கும், துருவம் மாறிய இன்னொரு துடிப்பு மூடும், இடைப்பட்ட நேரத்தில் காயில் மின்சாரமே எடுக்காது. மூன்றாவது, மோட்டார் பால் வால்வு: சிறிய மோட்டாரும் பற்சக்கரங்களும் சேர்ந்து, துளையிட்ட உருண்டை ஒன்றைக் கால் சுற்றுச் சுழற்றும். முதல் இரண்டு வகைகளும் பெரும்பாலும் தண்ணீரின் அழுத்தத்தையே துணையாகக் கொண்டு திறந்து மூடுகின்றன. மூன்றாவதற்கு அந்தத் துணை தேவையில்லை. பின்னால் வரும் கோளாறுகள் பலவற்றுக்கு இந்த ஒரு வேறுபாடே வேர்.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை ஒன்றுதான்: வால்வைக் கையால் திறந்து பாருங்கள். சொலினாய்டு வகையில் காயிலை இடப்பக்கமாகக் கால் சுற்று அல்லது அரைச் சுற்றுத் தளர்த்தினாலோ, மூடியின் மேலுள்ள சிறிய திருகைத் தளர்த்தினாலோ தண்ணீர் வர வேண்டும். மோட்டார் வகை பலவற்றில் கையால் திருப்புவதற்கென ஒரு குமிழ் இருக்கும். கையால் திறந்தபோது தண்ணீர் வந்தால் நீர்ப்பாதை சரி. கோளாறு மின்சாரத்திலோ கட்டளையிலோ இருக்கிறது. வராவிட்டால் செயலியையும் ரவுட்டரையும் தொடவே வேண்டாம், குழாயைப் பாருங்கள். அடுத்து, கருவியின் மேலுள்ள பொத்தானை அழுத்திப் பாருங்கள். பொத்தானுக்கு இயங்கி, செயலிக்கு இயங்கவில்லை என்றால் மின்சாரமும் சரி. கட்டளை வரும் வழிதான் தடைப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு சோதனைகளைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் எதுவும் ஊகமே.

மின்மாற்றியின் 24 வோல்ட் பக்கத்தை வீட்டில் இருப்பவரே சோதிக்கலாம். அதன் மறுபக்கம் வீட்டு மின்சாரம். ஈரமான தோட்டத்தில் நின்றுகொண்டு அதைத் திறக்கக் கூடாது.

செயலி 'திறந்துவிட்டது' என்கிறது, தண்ணீர் வரவில்லை

செயலியில் தெரியும் 'திறந்தது' என்ற சொல், பெரும்பாலான கருவிகளில், கட்டளை போய்ச் சேர்ந்தது என்பதை மட்டுமே குறிக்கிறது. வால்வு உண்மையில் திறந்ததா என்று திரும்பச் சொல்ல, நீரோட்டத்தை அளக்கும் சென்சாரோ, மோட்டாரின் கடைசி நிலையைக் காட்டும் சுவிட்சோ இருக்க வேண்டும். ஐந்து கம்பி கொண்ட மோட்டார் பால் வால்வில் இரண்டு கம்பிகள் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பது வழக்கம். இரண்டு, மூன்று கம்பி வகைகளில் பொதுவாக அந்த வசதி இருப்பதில்லை. வீட்டில் யாரும் இல்லாத நாட்களிலும் தோட்டம் நனைய வேண்டும் என்று நினைப்பவர்கள் நீரோட்டச் சென்சாரோடு வரும் வால்வை வாங்குவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. அது இல்லாத செயலி காட்டும் நிலை வெறும் நம்பிக்கைதான்.

முதலில் காதைக் கொடுங்கள். திறக்கும் கட்டளை போனதும் சொலினாய்டு 'டிக்' என்று ஒலிக்க வேண்டும். ஒலி இல்லை என்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள்: கம்பிகளைக் கழற்றி, காயிலின் இரு முனைகளுக்கிடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளந்தால், 24 வோல்ட் ஏசி பாசனக் காயில்கள் பொதுவாக 20 முதல் 60 ஓம் வரை காட்டும். அளவே காட்டாவிட்டால் காயில் உள்ளே அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்கு அருகில் இருந்தால் உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. இரண்டுக்கும் தீர்வு காயிலை மட்டும் மாற்றுவது, முழு வால்வையும் அல்ல. லாட்சிங் காயில்கள் இதைவிடக் குறைவான மின்தடை காட்டுவது இயல்பு; அதைப் பழுது என்று எண்ணிவிடக் கூடாது.

காயில் ஏன் எரிந்தது என்று தெரிந்துகொள்ளாமல் புதியதை மாட்டினால் அதுவும் எரியும். 24 வோல்ட் ஏசி காயிலுக்கு 24 வோல்ட் டிசி கொடுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. ஏசியில் காயிலின் தூண்டல் தன்மை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தி, பிடித்து வைத்திருக்கும் நிலையில் கால் ஆம்பியர் அளவில் நிறுத்துகிறது. டிசியில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. 30 ஓம் காயில் 0.8 ஆம்பியரை இழுத்து, ஏறக்குறைய 19 வாட் வெப்பத்தை அந்தச் சிறிய உடலுக்குள் கொட்டும். உள்ளே இருக்கும் இரும்புப் பிளஞ்சரைக் கழற்றிவிட்டு ஏசி மின்சாரம் கொடுத்து வைத்திருப்பதும் இதே சேதத்தை விளைவிக்கும்.

'டிக்' ஒலி கேட்டும் தண்ணீர் வரவில்லை என்றால், பெரும்பாலும் அழுத்தம் போதவில்லை. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் தவறான தேர்வுகளில் அதிகம் இங்கேதான் நடக்கின்றன. நீர்மட்டம் 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். வால்வுக்கு மேலே 3 மீட்டர் உயரத்தில் நீர்மட்டம் உள்ள தொட்டி தருவது 0.3 பார் மட்டுமே. பாசனத்துக்கென்று செய்யப்படும் சொலினாய்டு வால்வுகள் பல 0.7 பார் அளவைக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. சிறிய பிளாஸ்டிக் வால்வுகளின் உடலில் '0.02 முதல் 0.8 மெகாபாஸ்கல்' என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்; 0.02 மெகாபாஸ்கல் என்பது 0.2 பார், அதாவது 2 மீட்டர் நீர் உயரம். அப்படியானால் 3 மீட்டர் தொட்டிக்கு இது போதுமே என்று தோன்றும். ஆனால் அந்த 0.3 பார், தண்ணீர் நிற்கும்போது இருக்கும் அழுத்தம். ஓடத் தொடங்கியதும் குழாயின் உராய்வும், வளைவுகளும், பாதி அடைத்த ஃபில்டரும் அதிலிருந்து தமக்குரிய பங்கை எடுத்துக்கொள்கின்றன. வால்வின் இரு பக்கங்களுக்கிடையே எஞ்சும் வேறுபாடு 0.1 பார்கூட இல்லாமல் போகலாம். தொட்டி நிறைந்த காலையில் திறந்து, பாதி காலியான மாலையில் திறக்க மறுக்கும் வால்வுக்கு இதுவே விளக்கம்.

தொட்டித் தண்ணீரை ஈர்ப்பு விசையால் மட்டும் பாய்ச்சுபவர்களுக்கு ஏற்றது மோட்டார் பால் வால்வுதான். அதன் விவரக்குறிப்பில் குறைந்தபட்ச அழுத்தம் 0 என்று இருக்க வேண்டும். நீர் அழுத்தத்தின் துணையின்றிக் காயிலே நேராகத் திறக்கும், '0 பார் சொலினாய்டு' என்று விற்கப்படும் வகைகளும் உண்டு. ஆனால் அவற்றின் துளை சிறியதாகவோ காயில் அதிக மின்சாரம் எடுப்பதாகவோ இருக்கும், ஆகவே குறைந்த அழுத்தத்தில் பாயும் சொற்ப நீரையும் அவை நெரித்துவிடக்கூடும்.

ஏற்கெனவே இருக்கும் கைப்பிடி வால்வின் மேல் கவ்விக்கொண்டு அதைத் திருப்பும் மோட்டார்கள் தனி ரகம். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் கைப்பிடி பாதியில் நின்றால், மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் அதைக் கழற்றிவிட்டுக் கைப்பிடியை விரலால் திருப்பிப் பாருங்கள். இறுகிப்போன பழைய வால்வை எந்தச் சிறு மோட்டாரும் திருப்பாது. கைப்பிடி இலேசாகத் திரும்பினால், கவ்வி குழாயில் வழுக்குகிறது என்று பொருள். மோட்டார் கைப்பிடியைத் தள்ளுவதற்குப் பதிலாகத் தன்னையே சுழற்றிக்கொள்கிறது.

மூடச் சொல்லியும் தண்ணீர் நிற்கவில்லை

திறக்காத வால்வால் செடி வாடும். மூடாத வால்வால் தொட்டி காலியாகும், பம்பு ஓய்வின்றி ஓடும், அஸ்திவாரம் ஊறும். வால்வைத் தேர்ந்தெடுக்கும்போது எதைவிடவும் அதிகம் யோசிக்க வேண்டியது இந்தக் கோளாறைப் பற்றித்தான்.

முதலில் வால்வுக்கு முன்னால் உள்ள கைவால்வை அடைத்துத் தண்ணீரை நிறுத்துங்கள். அப்படி ஒரு கைவால்வு இல்லாத அமைப்பில், மற்ற எதையும் செய்யும் முன் அதைப் பொருத்துங்கள்.

சொலினாய்டு வகையாக இருந்தால், மின்கம்பியை முற்றிலும் கழற்றிவிட்டுத் தண்ணீரைத் திறந்து பாருங்கள். ஏசி வால்வு கம்பி கழற்றியதும் மூடிக்கொண்டால், வால்வுக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர்தான் அதைத் தொடர்ந்து அனுப்புகிறது. அதனுள் உள்ள மின்சுவிட்சான ரிலே ஒட்டிக்கொண்டிருக்கலாம். கம்பி கழன்ற நிலையிலும் ஏசி வால்வில் தண்ணீர் ஓடினால் கோளாறு வால்வுக்குள். பிறகு, கையால் திறக்கும் திருகு முழுதும் மூடியிருக்கிறதா, காயில் இறுகத் திருகப்பட்டிருக்கிறதா, உடலில் உள்ள அம்புக்குறி தண்ணீர் ஓடும் திசையில் இருக்கிறதா என்று பாருங்கள். தலைகீழாகப் பொருத்திய சொலினாய்டு வால்வு எந்தக் கட்டளைக்கும் மூடாது.

இவை சரியாக இருந்தால் வால்வைத் திறக்க வேண்டியதுதான். மூடியின் திருகுகளைக் கழற்றித் தூக்கியதும் ஒரு ஸ்பிரிங் வரும். அது இருந்த இடத்தையும் திசையையும் மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் கீழே வட்டமான ரப்பர் டயாபிரம் இருக்கும். அதன் ஓரத்திலோ நடுவிலோ ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நுண்துளை ஒன்றைக் காணலாம். சில வடிவமைப்புகளில் அது மெல்லிய உலோகக் கம்பி செருகிய வழியாக இருக்கும். வால்வின் வேலை முழுவதும் இந்தத் துளையில்தான் இருக்கிறது. வருகிற தண்ணீர் இதன் வழியே டயாபிரத்தின் மேலறைக்குள் ஏறுகிறது. மேற்பக்கத்தில் அழுத்தம் படும் பரப்பு அதிகம் என்பதால் டயாபிரம் கீழே அழுந்தி வாயை அடைக்கிறது. சொலினாய்டு செய்வதெல்லாம், மேலறைத் தண்ணீர் வெளியேற இதைவிடச் சற்றே பெரிய இன்னொரு துளையைத் திறந்துவிடுவதுதான். அழுத்தம் இறங்கியதும் டயாபிரம் எழும்புகிறது.

இதைப் புரிந்துகொண்டால் நோயறிவது எளிது. நுண்துளையில் ஒரு மணல் துகள் சிக்கினால் மேலறை நிரம்பாது, வால்வு மூடாது. வெளியேற்றும் துளை அடைத்தால் மேலறை காலியாகாது, வால்வு திறக்காது. நுண்துளை பாதி அடைத்தால் வால்வு மூடும், ஆனால் வழக்கத்தைவிட நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். இந்தத் தாமதம் வரப்போகும் அடைப்பின் முன்னறிவிப்பு. டயாபிரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள்: மடிப்போரத்தில் முடிபோன்ற கீறல் தெரிந்தால் அதைக் கழுவிப் பயனில்லை, டயாபிரத்தை மாற்ற வேண்டும். கீறல் இல்லை என்றால் ஓடும் நீரில் அலசி, அது உட்காரும் வளையத்தை விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவுங்கள். நெருடும் இடத்தில் ஒட்டிய சிறு கல்லோ உப்புப் படிவோ இருக்கும். உப்புப் படிவைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்தால் கரையும். கத்தியால் சுரண்டினால் வளையத்தில் கீறல் விழுந்து, நிரந்தரக் கசிவாகிவிடும். திரும்பப் பொருத்தும்போது எதிரெதிர்த் திருகுகளாகச் சிறிது சிறிதாக இறுக்குங்கள்.

வால்வுக்கு முன்னால் 120 மெஷ் அளவிலான ஃபில்டர் ஒன்று இருந்திருந்தால் இந்த வேலையைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். அது ஏறத்தாழ 130 மைக்ரானைவிடப் பெரிய துகளைத் தடுக்கும். சொட்டுவான்களுக்கும் அதே பாதுகாப்பு கிடைக்கும். ஆனால் வால்வுக்கு முன்னால் வைக்கும் ஃபில்டர் எந்நேரமும் முழு அழுத்தத்தில் இருக்கும் என்பதால், அதைத் தாங்கும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். அழுத்தக் குறைப்பானை வால்வுக்குப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால், வால்வு இயங்கத் தேவையான அழுத்தத்தையும் அது சேர்த்துக் குறைத்துவிட வாய்ப்புண்டு.

மோட்டார் பால் வால்வு மூடாமல் நின்றால், நெடுநாள் அசையாமல் கிடந்து உருண்டையில் உப்பு ஏறியிருக்கும். மழைக்காலத்தில் பாசனம் தேவைப்படாவிட்டாலும், வாரம் ஒரு முறை ஒரு நிமிடம் திறந்து மூடும்படி அட்டவணையில் வைத்தால் இது வராது.

இனித் தேர்வுக்கு வருவோம். மின்சாரம் போனால் வால்வு எந்த நிலையில் நிற்கும் என்பதே வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி. ஏசி சொலினாய்டு தானாக மூடிக்கொள்ளும். லாட்சிங் வகை, பேட்டரி தீரும் நொடியில் திறந்திருந்தால் திறந்தபடியே நிற்கும். ஆகவே பேட்டரி குறையும்போதே மூடிக்கொண்டு, பிறகு திறக்க மறுக்கும் கருவியைத்தான் வாங்க வேண்டும். சாதாரண மோட்டார் பால் வால்வும் நின்ற இடத்திலேயே நிற்கும். உள்ளே கெபாசிட்டரோ ஸ்பிரிங்கோ இருந்து, மின்சாரம் போனதும் தானே மூடும் வகையும் உண்டு, தொட்டி அமைப்புக்கு அதுவே தக்கது.

கட்டளை கொடுக்கும் முறையிலும் இதே எச்சரிக்கை தேவை. 'திற' என்று ஒரு கட்டளை, பத்து நிமிடம் கழித்து 'மூடு' என்று இன்னொரு கட்டளை என அமைத்தால், இடையில் இணையம் அறுந்தால் இரண்டாவது கட்டளை வந்து சேராது. 'பத்து நிமிடம் திற' என்ற ஒரே கட்டளையை ஏற்று, நேரத்தைத் தானே எண்ணி மூடிக்கொள்ளும் கருவியே நம்பத்தக்கது. வாங்கியதும் இதைச் சோதித்துப் பாருங்கள்: ஐந்து நிமிடத்துக்குத் திறக்கச் சொல்லிவிட்டு ரவுட்டரை அணையுங்கள். ஐந்தாவது நிமிட முடிவில் தண்ணீர் நிற்காவிட்டால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வால்வு மூடிய பிறகும் சில இடங்களில் சொட்டிக்கொண்டே இருக்கிறது

இதைக் கண்டதும் வால்வு கசிகிறது என்று முடிவுகட்ட வேண்டாம். சரிவான நிலத்தில், குழாய்க்குள் மிஞ்சிய தண்ணீர் தாழ்வான சொட்டுவான் வழியாக வடிவது இயற்கை. சொட்டுவது தாழ்வான இடத்தில் மட்டும்தானா, அரை மணி அல்லது ஒரு மணி நேரத்தில் நின்றுவிடுகிறதா என்று கவனியுங்கள். நின்றுவிட்டால் வால்வில் குற்றமில்லை. அந்த வடிகால் தொல்லையாக இருந்தால், உள்ளேயே ஒருவழித் தடுப்புள்ள சொட்டுவான்களைத் தாழ்வான பகுதியில் பொருத்தலாம். மறுநாள் காலைவரை நிற்காமல் சொட்டினால்தான் அது உண்மையான கசிவு. மேலே சொன்னபடி டயாபிரத்தையும் வளையத்தையும் பாருங்கள்.

திறக்கச் சொன்னால் மூடுகிறது, மூடச் சொன்னால் திறக்கிறது

லாட்சிங் காயிலின் இரு கம்பிகள் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் பொருத்தினால் போதும். வேறு நிறுவனத்தின் கன்ட்ரோலரோடு இணைக்கும்போது கம்பியின் நிறத்தை நம்பாமல் ஒரு முறை இயக்கிப் பார்த்துவிடுவது நல்லது. நீண்ட கம்பி இழுத்த லாட்சிங் வால்வு சில வேளை மட்டும் இயங்கினால், கம்பியின் மின்தடையில் துடிப்பு வலுவிழக்கிறது. தடிமனான கம்பிக்கு மாறுங்கள் அல்லது கன்ட்ரோலரை வால்வுக்கு அருகில் கொண்டுவாருங்கள்.

மூடும் தருணத்தில் குழாய் 'தட்' என்று அதிர்கிறது

வேகமாக ஓடும் தண்ணீர் சட்டென்று தடுக்கப்படும்போது அதன் உந்தம் அழுத்த அலையாக மாறிக் குழாயில் முன்னும் பின்னும் ஓடுகிறது. பிளம்பர்கள் இதை வாட்டர் ஹாமர் என்பார்கள். உலோகக் குழாயில் ஒரு மீட்டர்/நொடி வேகம் திடீரென நின்றால் எழும் அழுத்தம் 10 பாரைத் தாண்டக்கூடும். பிளாஸ்டிக் குழாய் சற்றே விரிந்து கொடுப்பதால் குறையும், ஆனால் ஒட்டு இணைப்புகள் நாளடைவில் விட்டுப்போக அதுவே போதும். தண்ணீரின் வேகத்தை நொடிக்கு 1.5 மீட்டருக்குள் வைப்பது பாசனத்தில் வழக்கமான வரம்பு. 15 மி.மீ. உள்விட்டமுள்ள குழாயில் அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 லிட்டர். அதற்கு மேல் போனால் தோட்டத்தை இரண்டு பகுதிகளாகப் பிரித்து, அடுத்தடுத்துப் பாய்ச்சுங்கள். மூடிக்கொள்ள ஐந்து முதல் பதினைந்து நொடிகள் எடுக்கும் மோட்டார் பால் வால்வில் இந்த அதிர்ச்சி பெரிதும் அடங்கிவிடும். அதிக அழுத்தமுள்ள இணைப்பில் மலிவான சிறு சொலினாய்டைப் பொருத்துவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை.

தொடர்பு அடிக்கடி அறுந்துபோகிறது

வைஃபை வால்வுகள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். முதல் இணைப்பிலேயே தோல்வி என்றால், கைப்பேசி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இணைந்த பின் அறுந்தால், சிக்னல் அளவைப் பார்க்க வேண்டும்: மைனஸ் 70 டிபிஎம் அளவில் இருந்தால் நிம்மதி, மைனஸ் 80-க்கும் கீழே போனால் நம்ப முடியாது. தண்ணீர் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உறிஞ்சும் என்பதால், அடர்ந்த ஈர இலைகளுக்கு நடுவிலும் நிலத்தடிப் பெட்டிக்குள்ளும் சிக்னல் மங்குகிறது. உலோகப் பெட்டி அதை முற்றிலும் மறைத்துவிடும். வால்வைப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, ஆன்டெனா உள்ள கன்ட்ரோலரை மட்டும் தரைக்கு மேலே சுவரில் பொருத்த இயலும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் தொல்லை தீரும்.

வைஃபைக்குப் பதிலாக, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ஜிக்பீ என்ற கம்பியில்லாத் தொடர்பைப் பயன்படுத்தும் வால்வுகளில் வேறொரு நுட்பம் உண்டு. பேட்டரியில் இயங்கும் ஜிக்பீ கருவிகள் பிறரின் செய்தியைக் கடத்துவதில்லை; நேரடி மின்சாரத்தில் இயங்குபவையே கடத்துகின்றன. ஆகவே தோட்டத்தில் பேட்டரி வால்வுகளை எத்தனை அடுக்கினாலும் எட்டும் தூரம் கூடாது. தோட்டத்தை நோக்கிய சுவரில் ஒரு ஜிக்பீ பிளக் செருகினால் கூடும். பேட்டரி மிச்சத்துக்காக இவை இடைவிட்டே விழித்துக் கட்டளை கேட்பதால் சில நொடித் தாமதம் இயல்பானது.

வெவ்வேறு நிறுவனங்களின் ஸ்மார்ட் கருவிகளுக்கான பொதுத் தரம் மேட்டர்; 2024-இல் வந்த அதன் 1.3 பதிப்பு தண்ணீர் வால்வுகளையும் உள்ளடக்கியது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை ஒரே செயலியில் ஆள நினைப்பவர்கள், வால்வு மட்டுமல்லாமல் தாங்கள் வைத்திருக்கும் ஹப்பும் (கருவிகளை இணைக்கும் மையக் கருவி) அந்த வகைக் கருவியை ஏற்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

மின்சாரம் வந்ததும் தானாகத் திறக்கிறது, அல்லது நேரம் தவறித் திறக்கிறது

நேரம் தவறினால் செயலியில் நேர மண்டலத்தையும், ஒரே வால்வுக்கு இரண்டு இடங்களில் அட்டவணை இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கருவியின் சொந்தச் செயலியில் ஒன்று, வீட்டுத் தானியங்கி ஹப்பில் ஒன்று என்று மறந்துபோன பழைய அட்டவணைகளே பெரும்பாலும் காரணம். மின்சாரம் வந்ததும் திறந்தால், அமைப்புகளில் 'மின்சாரம் திரும்பியபின் நிலை' என்ற தெரிவை 'மூடு' என்று வையுங்கள். தாமே ரிலே போர்டு கொண்டு அமைத்தவர்கள், கட்டளை முனை தாழ்நிலைக்கு (0 வோல்ட் அருகே) இறங்கும்போது ரிலே பிடிக்கும் வகையா அந்த போர்டு என்று பார்க்க வேண்டும். அப்படியானால், கன்ட்ரோலர் துவங்கும் ஓரிரு நொடிகளில் அந்த முனையின் நிலை ஊசலாடி, ரிலே பிடித்துக்கொள்ளக்கூடும்.

பேட்டரி சீக்கிரம் தீர்கிறது

சிக்னல் பலவீனமாக இருந்தால் கருவி மீண்டும் மீண்டும் தொடர்புகொள்ள முயன்று பேட்டரியைத் தின்றுவிடும். ஆகவே இதைத் தொடர்புக் கோளாறோடு சேர்த்தே ஆராயுங்கள். மறுமின்னேற்ற நிக்கல் பேட்டரிகள் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட்தான் தரும், 1.5 வோல்ட்டை எதிர்பார்க்கும் கருவி, நிறைந்த பேட்டரியையே குறைவு என்று காட்டும். தினமும் பல முறை திறந்து மூடும் தோட்டத்துக்கு, பேட்டரியில் இயங்கும் மோட்டார் பால் வால்வைவிட லாட்சிங் வகையே சிக்கனம், அழுத்தம் போதுமானதாக இருந்தால்.

ஒரு பகுதிக்கு நன்றாக வருகிறது, இன்னொரு பகுதிக்கு வருவதில்லை

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான்கள் 60 இருந்தால் மணிக்கு 240 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 4 லிட்டர் தேவை. வால்வு அதற்குமேல் விடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது, சொலினாய்டு வால்வுகளுக்குக் குறைந்தபட்ச நீரோட்டமும் உண்டு என்பது. புல்வெளித் தெளிப்பான்களுக்கான பெரிய வால்வை ஐந்தாறு தொட்டிச் செடிகளுக்குப் பொருத்தினால், அவ்வளவு மெல்லிய ஓட்டத்தில் டயாபிரம் சரியாக எழும்பாது, சரியாக அமராது. விவரக்குறிப்பில் இரண்டு எல்லைகளையும் பாருங்கள்.

எந்தப் பகுதிக்கும் வால்வு திறக்கவில்லை என்றால், எல்லா வால்வுகளுக்கும் பொதுவான கம்பி எங்கோ அறுந்திருக்கலாம். தனித்தனியாகத் திறந்து, சேர்ந்து திறக்க மறுத்தால் மின்மாற்றியின் ஆம்பியர் போதவில்லை. மண்ணுக்குள் போகும் கம்பி இணைப்புகளை வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றி விடக் கூடாது; நீர்புகாப் பசை நிரப்பிய இணைப்பான்களே நிலைக்கும்.

வால்வின் திருகு இணைப்பில் கசிவு

டேப்பை எவ்வளவு சுற்றினாலும் நிற்காத கசிவுக்குப் பெரும்பாலும் மரைப் பொருத்தமின்மையே காரணம். குழாய் மரையின் இரு தரங்களான பிஎஸ்பி (பிரிட்டிஷ்), என்பிடி (அமெரிக்க) இரண்டுக்கும் அரை அங்குல, முக்கால் அங்குல அளவுகளில் ஓர் அங்குலத்துக்கு 14 மரைகள். எனவே தொடக்கத்தில் அழகாகத் திருகிக்கொள்ளும். ஆனால் மரையின் கோணம் ஒன்றில் 55 பாகை, மற்றதில் 60 பாகை. இறுக்க இறுக்கப் பிளாஸ்டிக் உடல் விரிசல் விடுமே தவிரக் கசிவு நிற்காது. அமெரிக்கத் தோட்ட ஹோஸ் மரை இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது: முக்கால் அங்குலத்தில் 11.5 மரைகள், அடைப்பதும் மரையல்ல, உள்ளே உள்ள ரப்பர் வாஷர். அதற்கு டேப் தேவையே இல்லை, வாஷரை மாற்றிக் கையால் இறுக்கினால் போதும். மற்ற இரண்டிலும் வால்வின் உடலில் பொறித்த குறியைப் பார்த்து, அதற்கேற்ற இடைநிலை இணைப்பானை வாங்கிப் பொருத்துங்கள்.